பொய் சொல்லத் தெரிந்த பெட்டி

யானினா கிராஃப் என்ன வேலை செய்கிறாள் என்று அர்ஜென்டினாவின் குவாலெகுவாய் ஊரில் யாராவது கேட்டால் அவளுடைய அம்மா, "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். கேட்டவர்கள் மறுநாள் பழுதான பிரின்டரைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். அது தன் தொழில் இல்லை என்று யானினா சொல்லிச் சொல்லிச் சலித்துப்போனாள். இப்போதெல்லாம் வாங்கி வைத்துச் சரிசெய்து கொடுத்துவிடுகிறாள்.

அவள் தொழில் நிரல் எழுதுவது. யாரிடமும் சம்பளத்துக்கு இல்லை, தனியாக. புவெனஸ் அயர்ஸில் ஒரு நிறுவனத்தில் சில வருடம் இருந்து பார்த்தாள். அங்கே ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றுவதற்கு ஒரு மேசை நிறைய ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள். பேசி முடித்துப் பழைய நிறமே இருக்கட்டும் என்று எழுந்து போவார்கள். அவளுக்கு அது ஒத்துவரவில்லை. ஊருக்குத் திரும்பினாள். அம்மா தையல் வேலை செய்யும் அறையில் பாதியைத் திரைபோட்டு மறித்து மேசை போட்டுக்கொண்டாள். அம்மாவின் மெஷின் ஓடினால் மேசை நடுங்கும். அதற்கும் பழகிக்கொண்டாள்.

மாட்டு டாக்டருக்குத் தடுப்பூசி நாளை நினைவூட்டும் நிரல், விதைக்கடைக்குச் சரக்குக் கணக்கு, இரண்டு மருந்துக்கடைகளுக்கு இன்னொன்று. இவைதான் அவள் வயிற்றுப்பாட்டைக் கவனித்துக்கொண்டன. மனசுக்குப் பிடித்துச் செய்ததெல்லாம் வேறு. முதலில் பரானா ஆற்றுத் தீவுகளுக்கு நடுவே படகு ஓட்டும் ஒருவனைப் பற்றிய விளையாட்டு. அதற்காக மூன்று வருடம் தண்ணீரை மட்டுமே வரைந்துகொண்டிருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. வெளியிட்டபோது விளையாடியவர்கள் ஒரே மாதிரி எழுதினார்கள்: தண்ணீர் ரொம்ப அழகு, ஆனால் என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை. அதன் பிறகு கார்னிவல் குழு ஒன்றுக்கு, ஆடுபவர்களின் முதுகு இறகுகளில் மேளத்துக்குத் தகுந்தபடி மின்னும் விளக்குகளைச் செய்துகொடுத்தாள். முதல் ஊர்வலத்தில் ஊரே கைதட்டியது. இரண்டாவது ஊர்வலத்தில் மழை பெய்தது. இரண்டு பெண்கள் இருட்டாகிப்போனார்கள். மூன்றாவது பெண்ணின் விளக்கு மேளம் நின்ற பிறகும் நிற்காமல் சிமிட்டிக்கொண்டே இருந்தது. குழுத் தலைவி அடுத்த கார்னிவல் வரைக்கும் அவளைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிக்கொண்டாள். மிச்சமிருந்த மின்சுற்றுகளை யானினா ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

அப்புறம்தான் த்ரூக்கோ வந்தது.

அந்த ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் த்ரூக்கோ ஆடத் தெரியும். கைக்கு மூன்று சீட்டு. நல்ல சீட்டு வந்தால் "த்ரூக்கோ!" என்று கத்திப் பந்தயத்தை ஏற்றலாம். மட்டமான சீட்டு வந்தாலும் அதே போலக் கத்தலாம். எதிராளி நம்பினால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடுவான், நம்பாவிட்டால் "கியெரோ" என்று ஏற்றுக்கொண்டு மோதுவான். புள்ளிக்கு அவரை விதையை எடுத்து வைப்பார்கள். கத்தலும் கிண்டலும் பொய்யும்தான் ஆட்டம். சீட்டு அதற்கு ஒரு சாக்கு. ஆனால் ஃபோனில் கிடைத்த த்ரூக்கோ விளையாட்டுகள் எல்லாம் ஊமை. எதிராளி சவால் விட்டால் திரையில் ஒரு எழுத்து தோன்றும், அவ்வளவுதான். ஒரு மழை வாரத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது அதை ஆடிப்பார்த்த யானினாவுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் அவள் வேலையை ஆரம்பித்துவிடுவாள்.

சீட்டைப் பங்கிடுவது, புள்ளி எண்ணுவது எல்லாம் சுலபமாக முடிந்தது. பொய் சொல்ல வைப்பதுதான் பெரும்பாடு. முதலில் எழுதிய நிரல் நல்ல சீட்டு வந்தால் மட்டும் சவால் விட்டது. அதை ஃபோனில் போட்டு, ஆற்றோரக் கிளப்பின் காண்டீனுக்குக் கொண்டுபோய் ரொட்டிக்கடை லிவியோவிடம் கொடுத்தாள். லிவியோ விடியலுக்கு முன்னாலேயே மாவு பிசைந்து வேலையை முடித்துவிடுவதால், முற்பகல் முழுவதும் காண்டீனில் வெர்முத் குடித்துக்கொண்டு சீட்டாடுபவன். இரண்டு கை ஆடினான். ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான்.

"என்னம்மா இது, பூசை செய்யப் போற பையன் மாதிரி ஆடுது? வாயத் தொறந்தா உண்மைதான் பேசுது. இதுகூட நான் ஆடினா எனக்குப் பாவம்."

திரும்பப் போய்ப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தாள். இப்போது அது அடிக்கடி பொய் சொன்னது. லிவியோ ஒரு தடவைகூட ஓடாமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு ஜெயித்தான். பிறகு, எதிராளி எப்போது பயப்படுகிறான், தோற்ற பிறகு கோபத்தில் எப்படி ஆடுகிறான் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு, அதற்கேற்பப் பொய் சொல்லும்படி எழுதினாள். அதற்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆனது. அடுத்த முறை லிவியோ தோற்றான். தோற்றுவிட்டு ஃபோனை உற்றுப் பார்த்தான்.

"சரி, ஆட்டம் வந்துடுச்சு. ஆனா எவன்கிட்ட தோத்தேன்னு தெரியலையே. திட்டறதுக்கு ஒரு ஆள் வேணாமா?"

குரல் வேண்டும். அவள் தன் குரலிலேயே பதிவு செய்து பார்த்தாள். டாக்டர் வீட்டு வரவேற்பாளர் பேசுவது போல இருந்தது. உள்ளூர் வானொலியில் பேசும் தன் மாமா மகனைக் கூப்பிட்டாள். அவன் "த்ரூக்கோ" என்று சொன்னது மெத்தை விளம்பரம் போல இருந்தது. அப்படியே சில வாரம் கிடப்பில் கிடந்தது.

கால்நடைச் சந்தையில் எடைமேடைக் கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது என்று ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்கள். அங்கே அனிசெத்தோ புர்கோஸ் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார். மாட்டுக்கொட்டடிகளுக்கு மேலே போட்டிருந்த பலகையில் நின்றுகொண்டு, மைக்கூட இல்லாமல். அவரை அவளுக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டாள். கன்றுகளுக்கு விலை கூவினால் வேலிக்கு அந்தப்பக்கம் நிற்கும் லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான். அதே குரலைத் தாழ்த்தி, தயங்கி நிற்கும் ஒரு வியாபாரியிடம், "ஏம்பா, வீட்ல கேட்டுட்டு வரணுமா?" என்றால் அந்த ஒருவனுக்கு மட்டும் காது சிவக்கும், உடனே கையைத் தூக்கிவிடுவான். எடைமேடையை அரைகுறையாகச் சரிசெய்துவிட்டு, ஏலம் முடியும்வரை யானினா வேலியில் சாய்ந்து நின்றாள்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி எல்வா மாத்தே தேநீர் ஊற்றிக்கொடுத்தபடியே விஷயத்தைக் கேட்டாள்.

"சீட்டாட்டத்துக்கு இந்த மனுஷன் குரலா? தாராளமா எடுத்துட்டுப் போ. திருப்பிக் கொண்டுவர வேண்டிய அவசரமே இல்ல."

"கேட்டியா பொண்ணே?" என்றார் அனிசெத்தோ. "ஊர்ல இருக்கற மாடெல்லாம் என் குரலுக்கு விலை போச்சு. என் குரலு மட்டும் இந்த வீட்ல விலை போகல."

வருகிற பணத்தில் பாதி அவருக்கு என்று எல்வாவே முடிவு செய்தாள். யானினாவும் அதையே சொல்வதாக இருந்ததால் பேச்சு அதோடு முடிந்தது.

பதிவு செய்ய அமைதியான இடம் அந்த வீட்டில் கிடைக்கவில்லை. முற்றத்தில் சிள்வண்டு, சமையலறையில் ஃப்ரிட்ஜ், தெருவில் மோட்டார் சைக்கிள். கடைசியில் அவரைத் துணி அலமாரிக்குள் அனுப்பினாள். எல்வாவின் குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, யானினா எழுதிக் கொடுத்த வசனங்களைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"'உங்களிடம் நல்ல சீட்டு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.' இத யாரு எழுதினது? பேங்க் மேனேஜரா?"

"நான்தான், தோன் அனிசெத்தோ," என்றாள், பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு.

"நீ வெளிய நின்னு மெஷினப் பாத்துக்கோ. நானே பேசறேன்."

பேசினார். "என்னடா, சீட்டப் பாத்ததும் மூஞ்சி வெளுத்துப்போச்சு, அம்மாவக் கூப்பிடட்டுமா?" "த்ரூக்கோ! ஓடறவன் இப்பவே ஓடு, கதவு தொறந்துதான் கிடக்கு." "கியெரோ, கியெரோ! இதுக்காகத்தான் காலைலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்." ஒவ்வொன்றையும் உரக்க, மெதுவாக, சலிப்பாக, சந்தேகமாக என்று மாற்றி மாற்றிச் சொன்னார். நடுவே அந்துருண்டை நெடியில் தும்மினார். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துப் பாதியில் உடைந்தார். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு வரும் இருமல் வந்து தொண்டை கரகரத்து, "த்ரூ..." என்று நடுங்கி நின்றுபோன பதிவுகளும் இருந்தன. யானினா எதையும் அழிக்கவில்லை. அது அவள் சுபாவம். பிரின்டரின் உடைந்த பாகத்தைக்கூடத் தூக்கியெறிய மாட்டாள்.

விளையாட்டு வெளியானபோது அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடியது. கோர்தோபாவிலும் ரொசாரியோவிலும் ஆட்கள் பஸ்ஸில் உட்கார்ந்து அனிசெத்தோவிடம் திட்டு வாங்கினார்கள். உருகுவாயிலிருந்து, இது த்ரூக்கோவே இல்லை, எங்கள் ஊரில் ஆடுவதுதான் த்ரூக்கோ என்று கோபமாக எழுதினார்கள். எழுதிவிட்டு மறுபடி ஆடினார்கள். ரொசாரியோவுக்குப் போகும் பஸ் டிரைவர் ஒருவன் டிக்கெட்டைக் கிழிக்கும்போது அனிசெத்தோ "நன்றி தம்பி" என்றதும் குரலைக் கண்டுபிடித்து, ஊர் போய்ச் சேரும்வரை அவரை முன் சீட்டில் உட்காரவைத்துப் பேச வைத்தானாம். அதை அவர் கிளப்பில் பல தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் கூட்டம் கூடிக்கொண்டே போனது.

அடுத்த இலையுதிர் காலத்தில் அவர் குரல் கம்மியது. ஏலத்தில் தூசி என்றார். தேனும் எலுமிச்சையும் குடித்தார். எல்வா இழுத்துக்கொண்டு பரானா நகரத்துக்குப் போனபோது டாக்டர்கள் தொண்டையைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போட இடமில்லை என்றார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே ஒரு துளை வழியாக மூச்சு விட்டுக்கொண்டு அனிசெத்தோ உயிரோடு திரும்பி வந்தார். பேச்சு போய்விட்டது.

கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சு வரும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு தடவை எல்வாவின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். சவர மெஷின் பேசுவது போல இருந்தது. அதை இழுப்பறையில் போட்டு மூடினார். கையோடு வைத்திருந்த சின்ன வெள்ளைப் பலகையில் வேண்டியதை எழுதிக் காட்டினார். சந்தைக்குப் போகவில்லை, அது புரிந்தது. கிளப்புக்கும் போகவில்லை. லிவியோ இரண்டு தடவை பேஸ்ட்ரிப் பொட்டலத்தோடு வந்து பார்த்தான். தானே பேசித் தானே பதில் சொல்லி, என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து போனான்.

எல்வாதான் யானினாவைத் தேடி வந்தாள். தையல் அறையில் அம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினாள்.

"பக்கத்து வீட்டு மெக்கானிக் மதியம் தூங்காம உன் ஆட்டத்த ஆடறான். சுவத்துக்கு அந்தப்பக்கம் இவரு குரலு கேக்குது. எழுந்துபோய் ஜன்னலச் சாத்திட்டு வராரு. எனக்கு... என்னன்னு சொல்றது? புருஷன் எதிர்ல உக்காந்திருக்காரு, குரலு பக்கத்து வீட்லேர்ந்து வருது."

யானினா அன்றைக்கே உட்கார்ந்து விளையாட்டிலிருந்து அவர் குரலை எடுத்துவிட்டு, மாமா மகனின் மெத்தை விளம்பரக் குரலைப் போட்டாள். வெளியிடும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனாள். அனிசெத்தோ முற்றத்துத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் சிவந்தது. மேசையைத் தட்டினார். பலகையை எடுத்து, யாரைக் கேட்டு என் குரலை எடுக்கிறாய் என்று எழுதினார். எழுதியதை அழித்துவிட்டு அதற்குக் கீழே இன்னும் பெரிதாக, அந்த மெத்தைக்காரன் வேண்டவே வேண்டாம் என்று எழுதினார்.

"ஆனா நீங்க ஜன்னலச் சாத்திடறீங்கன்னு..."

அவர் எல்வாவைப் பார்த்தார். எல்வா மாத்தேவைப் பார்த்தாள்.

'அந்த மெக்கானிக் மோசமாக ஆடுகிறான்,' என்று எழுதினார். 'கேட்கச் சகிக்கவில்லை.'

அவளுடைய ஃபோனை வாங்கி ஆட ஆரம்பித்தார். யானினா பக்கத்தில் இருந்து பார்த்தாள். ஊரிலேயே நன்றாக ஆடுகிறவர் அபத்தமாக ஆடிக்கொண்டிருந்தார். நல்ல சீட்டை வைத்துக்கொண்டு ஓடினார், ஒன்றுக்கும் உதவாத நான்காம் நம்பர் சீட்டை வைத்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார். தோற்றால்தான் எதிராளி கிண்டல் செய்வான். "அம்மாவக் கூப்பிடட்டுமா?" என்று ஃபோன் கேட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த சீட்டைப் போட்டார். அவர் வாய் அந்தச் சொற்களோடு சேர்ந்து அசைவதை எல்வாவும் கவனித்தாள். தட்டைக் கழுவப் போகிறவள் போல உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை யானினா அலமாரி மேலிருந்த செருப்புப் பெட்டியை இறக்கினாள்.

முதலில் அனிசெத்தோவுக்கு அவர் குரலையே டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தாள்: வசனங்கள் வரிசையாக, தொட்டால் பேசும். அது உதவவில்லை. அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டு, எது எது என்று படித்து, விரலை வைப்பதற்குள் ஆட்டம் ஆறிவிடும். கையில் சீட்டு வேறு இருக்கிறது. எதைத் தொடப் போகிறார் என்பதை எதிரில் இருப்பவன் கண்ணாடியின் பிரதிபலிப்பிலேயே பார்த்துவிடலாம். படிக்காமல், பார்க்காமல், இடது கையால் மட்டும் அழுத்தும்படி வேண்டும். மூடிப்போன வீடியோ கேம் கடையிலிருந்து பெரிய பொத்தான்கள் கிடைத்தன. குளியலறை ரேடியோ ஒன்றின் ஸ்பீக்கரைக் கழற்றினாள். கார்னிவல் விளக்கின் மின்சுற்றை எடுத்து இந்த முறை ஈரம் புகாதபடி நன்றாக மூடினாள். எல்லாவற்றையும் மெம்ப்ரீஷோ இனிப்பு வந்த ஒரு தகர டப்பாவுக்குள் பொருத்தினாள். ஒவ்வொரு பொத்தானிலும் வேறு வேறு துணி ஒட்டிக்கொடுத்தது அம்மா. விரலால் தடவினாலே எது த்ரூக்கோ, எது கியெரோ என்று தெரியும். கார்டுராய் துணி ஒட்டியது கிண்டலுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அனிசெத்தோ கழுத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, டப்பாவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காண்டீனுக்குள் நுழைந்தார். அவர் நேராக லிவியோவின் எதிரில் உட்கார்ந்து, டப்பாவை மேசைக்குக் கீழே மடியில் வைத்து, ஒரு பொத்தானை அழுத்தினார்.

"என்னடா, மூஞ்சி வெளுத்துப்போச்சு, அம்மாவக் கூப்பிடட்டுமா?"

லிவியோ நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். பிறகு சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. துடைத்துக்கொண்டு, "சீட்டக் கலைங்கடா" என்றான்.

ஆட்டம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் மூன்றாவது நான்காவது கைக்குள் லிவியோவின் முகம் சுண்டிவிட்டது. அனிசெத்தோ சவால் விட்டபோதெல்லாம் ஓடினான். ஓடிய பிறகு பார்த்தால் அவர் கையில் குப்பை. ஏற்றுக்கொண்டால், எல்லாச் சீட்டையும் ஜெயிக்கும் வாள் ஆஸ் வந்து விழுந்தது. அவரை விதைகள் ஒரு பக்கமே குவிந்தன. கடைசியில் சீட்டை மேசைமேல் எறிந்தான்.

"யோவ், இது சரிப்படாது. அந்த டப்பா 'த்ரூக்கோ'ன்னா எப்பவும் ஒரே மாதிரிதான் சொல்லுது. நேத்துப் பொறந்த காளைக்கன்னு மாதிரி, எந்தப் பயமும் இல்லாம! மனுஷன் பொய் சொன்னா கொஞ்சமாவது குரல் பிசிறும்ல? உனக்குக் கைல குப்பை இருந்தா 'த்ரூ'ல ஒரு இழுப்பு வரும், முப்பது வருஷமா அதக் கேட்டுத்தான் நான் ஆடினேன்!"

காண்டீன் இரண்டாகப் பிரிந்தது. சீக்காளியோடு சண்டை போடுகிறான் பார் என்றார்கள் சிலர். "சீக்காளியா? இப்பத்தான் என்னை மொட்டையடிச்சான், இவனா சீக்காளி?" என்று லிவியோ கத்தினான். யானினா மூலையில் நின்றிருந்தாள். அவளுக்கு லிவியோ சொன்னது நியாயம் என்று பட்டது. அவள் டப்பாவில் போட்டிருந்ததெல்லாம் விளையாட்டுக்காகப் பொறுக்கியெடுத்த மிகச் சிறந்த பதிவுகள். அலமாரிக்குள் உட்கார்ந்த அன்று அனிசெத்தோவுக்கு எதிரிலும் யாரும் இல்லை, கையிலும் சீட்டில்லை. பயப்பட என்ன இருந்தது?

வீட்டுக்குப் போய், அழிக்காமல் வைத்திருந்த மற்றப் பதிவுகளைத் தேடி எடுத்தாள். இருமி நின்றது, தும்மலுக்கு முன்னால் தேய்ந்தது, சிரிப்பை அடக்கும்போது பிசிறியது, கரகரத்தது. அவற்றையும் டப்பாவில் ஏற்றி, அழுத்தும்போது இவற்றில் ஏதோ ஒன்று தானாக வரும்படி செய்தாள். லிவியோ கேட்டுவிட்டுத் திருப்தியோடு தலையாட்டினான். அனிசெத்தோவுக்குத்தான் மறுபடி முகம் சிவந்தது. பலகையில் எழுதினார்:

'என் தொண்டை எப்போது நடுங்கவேண்டும் என்று உன் டப்பாவா முடிவு செய்யும்?'

"பின்ன என்ன பண்றது, தோன் அனிசெத்தோ?"

'தனிப் பொத்தான்.'

லிவியோவிடம் இதைச் சொன்னதும் அவன் கைகளை விரித்தான். "நடுங்கறதுக்குத் தனிப் பொத்தானா! அப்ப அவன் நடுங்கினா நான் நம்பறதா வேணாமா?"

"அத நீங்கதான் கண்டுபிடிக்கணும்," என்றாள் யானினா.

அவன் யோசித்தான். பிறகு பல் தெரியச் சிரித்தான். "சரி. அப்ப அது ஆட்டந்தான்."

உறுதியான குரலுக்கு ஒரு பொத்தான், பிசிறும் குரலுக்கு ஒரு பொத்தான். அடுத்த ஞாயிறு காண்டீனில் உட்கார இடமில்லை. லிவியோ இப்போது குரலைக் கேட்கவில்லை. அனிசெத்தோவின் இடது தோளைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான். மாறி மாறி ஜெயித்தார்கள். புள்ளி இருவருக்கும் விளிம்பில் நின்றபோது அனிசெத்தோ சீட்டைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். மேசைக்குக் கீழேயிருந்து, இருமல் முட்டி நிற்கும் அந்தக் குரல் வந்தது: "த்ரூ... த்ரூக்கோ."

லிவியோ நெடுநேரம் பார்த்தான். "குப்பை வெச்சிருக்கான்," என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னான். "நடுங்கறத வெச்சு என்னை ஏமாத்தப் பாக்கறான்னு நான் நினைப்பேன்னு நினைச்சு நிஜமாவே நடுங்கறான். கியெரோ!"

அனிசெத்தோ வாள் ஆஸை மேசையில் வைத்தார். மெதுவாக வைத்தார், அறைந்துகூட வைக்கவில்லை. காண்டீன் இடிந்து விழுவது போலச் சத்தம் எழுந்தது. அவர் தோள் குலுங்கியது. கைக்குட்டைக்குக் கீழே மூச்சு ஸ்ஸ் ஸ்ஸ் என்று வந்தது. சிரிப்புக்கு ஒரு பொத்தான் வைக்கவில்லையே என்று யானினாவுக்கு அப்போதுதான் தோன்றியது. பிற்பாடு அவரிடம் கேட்டாள். வேண்டாம் என்று கையை அசைத்தார். சிரிப்பு இப்படியே இருக்கட்டும் என்று எழுதினார்.

இந்தக் கதை பரானாவில் லுக்ரேசியா என்ற பேச்சுப் பயிற்சியாளரின் காதுக்குப் போனது. குரல் இழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள். விக்டோரியா ஊரிலிருந்த கிளோதில்தே என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையை யானினாவிடம் அனுப்பினாள். கிளோதில்தேவுக்கும் அதே அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஆனால் அவர் குரலை யாரும் பதிவு செய்து வைத்திருக்கவில்லை. பிறந்தநாள் வீடியோக்கள்தான் இருந்தன. யானினா வாரக்கணக்கில் அவற்றைக் கேட்டாள். எல்லாவற்றிலும் பின்னால் பாட்டு, கரண்டிச் சத்தம், யாரோ கத்துவது. நவீன முறையில் குரலைப் புதிதாக உருவாக்கிப் பார்த்தாள். வந்த குரலைக் கேட்ட கிளோதில்தேவின் மகள், "இது அம்மா இல்ல, அம்மாவப் பாத்துப் பழகின யாரோ" என்றாள். சுத்தமாகத் தேறியது இரண்டே வாக்கியம். "கேக்கை வெட்டுங்க." "தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்கறே." இவ்வளவுதான் முடிந்தது, இதற்குமேல் என்னால் ஆகாது என்று யானினா அவரிடமே நேராகச் சொன்னாள். சொல்லும்போது சங்கடமாக இருந்தது. கிளோதில்தே இரண்டையும் வாங்கிக்கொண்டார். இரண்டாவது வாக்கியம் பேங்க் வரிசையில் நன்றாகப் பயன்படுகிறது என்று பிறகு செய்தி அனுப்பினார்.

அதற்குப் பிறகு யானினா வேறு மாதிரி வேலை செய்கிறாள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களிடம் லுக்ரேசியா அவளைப் பற்றிச் சொல்வாள். விருப்பப்பட்டவர்களின் வீட்டுக்கு யானினா பதிவுக் கருவியோடு பஸ் ஏறிப் போவாள். முதலில் அவளே பயன்படும் வாக்கியங்களை எழுதி எடுத்துப் போனாள்: வலிக்கிறது, தண்ணீர் வேண்டும், ஜன்னலைத் திற. எல்லோரும் அதைப் பள்ளிப் பாடம் போல ஒப்பித்தார்கள். இப்போது அதை எடுத்துப் போவதில்லை. வீட்டில் யாரைத் திட்டுவீர்கள் என்று கேட்பாள். பேச்சு தானாக வந்துவிடும். ஒரு கசாப்புக்கடைக்காரர் "அடுத்தது யாரு?" என்பதைப் பல விதமாகச் சொல்லிக் கொடுத்தார். ஒரு பெண்மணி தன் மூன்று மகன்களின் பெயரையும் சாப்பிடக் கூப்பிடுவது போலவும் அடிக்கப்போவது போலவும் வெளியூரிலிருந்து வந்து வாசலில் நிற்கும்போது கூப்பிடுவது போலவும் தனித்தனியாகச் சொன்னார். மூன்றாவது வகையைச் சொல்லும்போது யானினா கருவியின் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

இதில் பெரிதாக வருமானம் இல்லை. மருந்துக்கடைகளும் மாட்டு டாக்டரும்தான் இன்னும் அவளைத் தாங்குகிறார்கள். த்ரூக்கோ விளையாட்டு முன்போல ஓடுவதில்லை, ஓடுகிறவரை அனிசெத்தோவின் பாதி எல்வா கைக்குப் போகிறது. அனிசெத்தோ ஞாயிறுதோறும் ஆடுகிறார். மொத்தமாகப் பார்த்தால் லிவியோதான் அதிகம் ஜெயிக்கிறான். முன்னாலும் அப்படித்தான் என்று லிவியோ சொல்கிறான், அதை அனிசெத்தோ ஒத்துக்கொள்வதில்லை.

சென்ற மாதம் யானினா தியாமான்தே ஊருக்குப் போயிருந்தாள். ஒரு லாரி டிரைவர், வாய் அதிகம் திறக்காத மனிதர். யாரைத் திட்டுவீர்கள் என்றதற்கு யாரையும் இல்லை என்றார். யாரைக் கூப்பிடுவீர்கள் என்றதற்கும் தலையைச் சொறிந்தார்.

"நாயக் கூப்பிடுவாரு," என்றாள் அவர் மனைவி, கதவோரத்தில் நின்றபடி. "எங்கள எல்லாம் கூப்பிடவே மாட்டாரு, நாங்களா வந்தாதான் உண்டு."

அவர் கொஞ்சம் வெட்கத்தோடு நாயின் பெயரைச் சொன்னார். சத்தம் போதவில்லை, இன்னும் உரக்க என்றாள் யானினா. உரக்கக் கூப்பிட்டார். கொல்லையிலிருந்து நாய் பாய்ந்து வந்து மைக்கைத் தட்டிவிட்டு அவர் மேல் ஏறியது. நாயை வெளியே கட்டிவிட்டு மறுபடி எடுத்தார்கள். அது முடிந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனைவி பக்கம் திரும்பாமல், "இவ பேரையும் போட்டுக்கங்க" என்றார்.